பார்த்தவனும் ஒப்பமிடுபவனும்

தணிக்கை என்றதும் எழுதுகிறவர்களுக்குச் சினிமா சென்ஸாரும் பறிமுதலான புத்தகங்களும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பகைமைக்கு நியாயம் உண்டு. ஆனால் தமிழில் அதே சொல் கணக்குச் சோதனைக்கும் வழங்குகிறது. முதல் தணிக்கை, மற்றவர்கள் எதைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானிக்கிறது. இரண்டாவது தணிக்கை, தான் பெரும்பாலும் பார்த்திராத ஒன்றைப் பற்றி, மற்றவர்கள் நம்பலாம் என்று சொல்கிறது. எது அதிக விபரீதமான காரியம் என்பது யோசிக்கத் தக்கது. முதலாவதைப் பற்றிச் சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதியாகிவிட்டது. இரண்டாவதைப் பற்றி எதுவும் என் கண்ணில் படவில்லை. கணக்கு என்றால் முகம் சுளிப்பது இலக்கியவாதியின் சம்பிரதாயங்களில் ஒன்று. நான் வங்கியில் குமாஸ்தா; அந்தச் சம்பிரதாயம் எனக்குக் கட்டுப்படியாகாது.

ஆங்கிலத்தின் ஆடிட் என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் கேட்டல் என்று பொருள். கணக்கை ஒருவன் உரக்கப் படிப்பான். அதிகாரமுள்ளவன் உட்கார்ந்து கேட்பான். நம் ஊரில் கல்யாண வீட்டு மொய்யை மைக்கில் படிப்பது ஏறக்குறைய இதுதான். எழுதியவன் படிக்கிறான், கொடுத்தவன் கூட்டத்தில் இருந்து கேட்கிறான், ஐநூறு என்பதை நூறு என்று படித்தால் அங்கேயே எழுந்து சத்தம் போடுகிறான். சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே பந்தலுக்குள் இருக்கும்வரை இந்த முறை போதும். பணம் போட்டவன் எங்கோ, சரக்கு மணலியில் ஒரு கொட்டகையில் என்று ஆகும்போது, போய்ப் பார்த்து வந்து சொல்ல நடுவில் ஒருவன் தேவைப்படுகிறான். இங்கேதான் என் கேள்வி ஆரம்பமாகிறது. போய்ப் பார்ப்பவன் ஒருவன், வந்து சொல்பவன் இன்னொருவன் என்று ஆகிவிட்டால், இவர்களில் சாட்சி யார்?

போய்ப் பார்ப்பவனைப் பற்றி முதலில். 1949ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த இன்ஸ்டிட்யூட்டில் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் ஆவதற்குப் பரீட்சை மட்டும் போதாது. தொழில் நடத்துகிற ஒரு ஆடிட்டரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வேலை பழக வேண்டும். ஆர்ட்டிகிள்ஷிப் என்று பெயர். முன்பு மூன்று வருஷம்; 2023 ஜூலை முதல் சேர்ந்தவர்களுக்கு இரண்டு வருஷம். கூடவே அஞ்சல் வழியில் ஒரு பி.காம். ஓடிக்கொண்டிருக்கும். படிப்பு ஒரு கையில், வேலை ஒரு கையில். இங்கிலாந்திலிருந்து வந்த ஏற்பாடு இது என்றாலும், தட்டானிடமும் தச்சனிடமும் பையனைக் கொண்டுபோய் விட்ட நமக்கு அந்நியமானதல்ல. ஒரு வித்தியாசம் உண்டு. தட்டானிடம் விடப்பட்ட பையன் பொன்னைத் தொடுகிறான். இவன் பொன்னைப் பற்றிய காகிதத்தைத் தொடுகிறான்.

(சென்னைக்கு இதில் ஒரு பழைய கௌரவம் உண்டு. ஆர். சிவபோகம் சுதந்திரப் போராட்டத்தில் ஒரு வருஷம் சிறையிருந்தவர். பிறகு இங்கே சி.எஸ். சாஸ்திரியிடம் வேலை பழகி, 1933இல் கணக்கியல் டிப்ளமா தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். சிறையிலிருந்து தணிக்கைக்கு வந்ததில் ஒரு தர்க்கம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. அதிகாரத்தின் பேச்சை நம்பாதவருக்குத்தான் அதன் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் ஆசை வரும்.)

எனக்குத் தெரிந்த பையன் திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பென்ஷன் எங்கள் கிளையில்தான். பையன் நகரத்தில் ஒரு பெரிய ஆடிட் கம்பெனியில் ஆர்ட்டிகிள்ஸ் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் வாங்கிப்போக வருவான். வாங்கிப்போவதைப் படிக்கிறானா என்று நான் சோதித்ததில்லை.

முதல் இரண்டு மாதம் வவுச்சர் பார்த்தானாம். வவுச்சரும் பில்லும் லெட்ஜரும் ஒத்துப்போனால் ஒரு டிக். முன்பு இதற்குக் கலர் பென்சில் இருந்தது. இப்போது எக்செல் கட்டத்தில் ஒரு எழுத்து. இன்ஸ்டிட்யூட்டின் விதிப்படி ஆர்ட்டிகிள் பையனுக்கு வாரம் 35 மணி நேரம்தான் வேலை. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் இவன் வீடு திரும்புவது கடைசி மின்சார ரயிலில். வருகைப் பதிவில் தினமும் ஐந்தரை மணிக்குக் கிளம்பியதாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்களின் கணக்கில் பொய்யைத் தேடப் பழகுகிறவன் தன் கையால் எழுதும் முதல் பொய்க் கணக்கு தன் சொந்த நேரத்தைப் பற்றியது. இதை அவன் ஒரு குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கையாகச் சொன்னான். அவன் சிரித்ததுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது.

ஐந்தாவது மாதம் ஸ்டாக் எண்ணப் போனான். வருஷக் கடைசியில் கொட்டகைக்குப் போய், புத்தகத்தில் உள்ள சரக்கு தரையில் உள்ளதா என்று பார்க்கும் வேலை. மணலிக்கும் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில் இது என்ன மாதிரி வேலை என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நின்றுகொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே பைக்கில் நுழைந்து போக வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே காற்று கிடையாது. ரசாயன மூட்டைகளின் வாசனை சட்டையில் இரண்டு நாள் இருக்கும். இருபத்தொரு வயதுப் பையன் கையில் அட்டை வைத்துக்கொண்டு மூட்டை எண்ணுகிறான்.

அவன் அங்கே நிற்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1896இல் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கில், மானேஜர் வருஷக்கணக்காகச் சரக்கை ஏற்றி எழுதியிருந்தும், அவர் சான்றை நம்பிய ஆடிட்டர்கள் மீது தவறில்லை என்று இங்கிலாந்தின் கோர்ட் சொல்லிவிட்டது. ஆடிட்டர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று நீதிபதி லோப்ஸ் சொன்னது இன்றைக்கும் பரீட்சைக்கு மனப்பாடம். சரக்கை எண்ணுவது ஆடிட்டரின் வேலையல்ல என்ற நிலைமை நாற்பது வருஷம் நீடித்தது. 1938இல் அமெரிக்காவில் மெக்கெஸன் ராபின்ஸ் என்ற மருந்துக் கம்பெனியின் கணக்கில், இல்லாத கிடங்குகளில் இல்லாத சரக்கு இருப்பது தெரிய வந்தது. அதற்குப் பிறகுதான், போய்ப் பார்க்க வேண்டும், கடன்காரர்களிடம் நேரே எழுதிக் கேட்க வேண்டும் என்ற விதிகள் பிறந்தன. எங்கோ யாரோ கற்பனை செய்த ஒரு கிடங்குக்காக எங்கள் திருவொற்றியூர்ப் பையன் நிஜமான கிடங்கில் வேர்த்துக்கொண்டிருக்கிறான். (கற்பனையின் சக்தியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

அவன் எல்லா மூட்டையையும் எண்ணுவதில்லை. எண்ண முடியாது. சிலதைப் பொறுக்கி எண்ணுவான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். அவனுடைய சீனியரே சொன்னாராம். இந்தப் பழமொழியைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். ஒரு சோறு ஏன் பதம்? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. பானைக்குள் எல்லாப் பருக்கையும் ஒரே விதிக்கு உட்பட்டது. அதோடு, எந்தப் பருக்கையை நாம் எடுப்போம் என்று சோறுக்குத் தெரியாது. கொட்டகையில் இரண்டு நிபந்தனையுமே இல்லை. முன்வரிசை மூட்டைக்கும் பின்வரிசை மூட்டைக்கும் நெருப்பு வேறு. பையன் எதை எடுப்பான் என்று கொட்டகைக்குத் தெரியும். 1963இல் நியூ ஜெர்ஸியில் டினோ டி ஏஞ்சலிஸ் என்பவர் எண்ணெய்த் தொட்டிகளில் கீழே தண்ணீரும் மேலே எண்ணெயுமாக நிரப்பி வைத்துக் கடன் வாங்கியிருந்தது வெளிப்பட்டது. அளவு கோலை விட்டவர்களுக்கு எண்ணெய்தான் ஒட்டியது. அவர்கள் பார்த்தது பொய்யில்லை. மணலித் தொட்டிகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஆள் ஞாபகம் வருகிறது. மணலியில் அப்படி நடந்ததாக நான் சொல்லவில்லை.

இனி என் வாதத்துக்கு ஒரு பழைய சொல்லைத் துணைக்கு அழைக்கிறேன். எதைக் கொண்டு ஒன்றை அறிகிறோமோ அந்தப் பிரமாணத்துக்குத் தமிழில் அளவை என்று பெயர். மரக்காலுக்கும் படிக்கும் உள்ள பெயரும் அதேதான். மணிமேகலையின் இருபத்தேழாவது காதையில் மதவாதிகளைச் சமயக்கணக்கர் என்றே குறிப்பிடுகிறார்கள். அவர்களில் முதலில் பேசுகிறவன் அளவைவாதி, பத்து அளவைகளை அடுக்குகிறான். சைவ சித்தாந்திகள் அவற்றைச் சுருக்கி மூன்றாக வைத்துக்கொண்டார்கள்: காட்சி, கருதல், உரை. கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது. தணிக்கை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. பையன் எண்ணிய மூட்டை காட்சி. எண்ணாத மூட்டைகளைப் பற்றிச் சொல்வது கருதல். வருஷக் கடைசியில் கம்பெனி நிர்வாகம், எல்லா விவரமும் கொடுத்துவிட்டோம், எதையும் மறைக்கவில்லை என்று கையெழுத்திட்டுக் கொடுக்கும் ஒரு கடிதம் உண்டு, அது உரை.

இந்த மூன்றில் காட்சி மட்டும்தான் உயர்ந்தது, மற்றது ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் ஒருநாள்கூட வாழ முடியாது. நான் பிறந்த தேதியே எனக்கு உரை அளவையால்தான் தெரியும். கண்டதை மட்டும் சொல்வேன் என்பவன் எதையும் சொல்ல மாட்டான். காணாததற்குச் சாட்சி சொல்லலாம். ஆனால் எது கண்டது, எது ஊகம், எது பிறர் சொல் என்ற விளிம்பைக் காட்டிச் சொல்ல வேண்டும். துணியில் தையல் தெரிய வேண்டும். தணிக்கை அறிக்கை எனப்படும் அந்த இரண்டு மூன்று பக்கத்தில் தையல் தெரிவதில்லை. அதன் வாசகங்கள் முன்கூட்டியே தீர்மானமானவை. சர்க்கரை ஆலைக்கும் கப்பல் ஏஜண்டுக்கும் ஏறக்குறைய ஒரே பாராக்கள். தையல் இருப்பது ஒர்க்கிங் பேப்பர் என்று சொல்லப்படும் உள்குறிப்புகளில். அவை ஆடிட்டருக்குச் சொந்தம். ஏழு வருஷம் பத்திரமாக இருக்கும். பங்குதாரர் பார்க்க முடியாது.

ஒரு காலத்தில் இந்த நாட்டுச் சட்டம் ஆடிட்டரிடம் கணக்கு உண்மையும் சரியுமானதா என்று கேட்டது. 1956 கம்பெனிச் சட்டத்திலிருந்து, உண்மையும் நியாயமுமான தோற்றம் தருகிறதா என்று கேட்கிறது. சரி போய் நியாயம் வந்தது. இதை ஒரு வீழ்ச்சி என்று பலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை; தன்னால் முடிந்ததை மட்டும் சொல்லும் அடக்கம் அதில் இருக்கிறது. தோற்றம் என்ற சொல்தான் இடிக்கிறது. தோற்றம் பார்த்தவனுக்குத்தானே? பார்த்தவன் ஆர்ட்டிகிள் பையன். அவனுக்கு அபிப்பிராயம் சொல்லும் உரிமை கிடையாது. ஒப்பமிடுகிற பார்ட்னருக்கு அபிப்பிராயம் உண்டு, தோற்றம் கிடையாது. 2019 முதல் ஒவ்வொரு ஒப்பத்துக்கும் 18 இலக்க எண் ஒன்று கொடுக்கிறார்கள், போலி ஒப்பத்தைக் கண்டுபிடிக்க. ஒப்பம் நிஜம் என்று அந்த எண் நிரூபிக்கும். ஒப்பமிட்டவருக்கும் மூட்டைக்கும் உள்ள தூரத்தை அது சொல்லாது.

திருவொற்றியூரில் இதே கேள்வி ரொம்பக் காலத்துக்கு முன்பே ஒருமுறை எழுந்திருக்கிறது. சுந்தரர் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரியேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. தலம் தலமாகத் திரிகிறவர். காப்பாற்ற முடியாது என்று அவருக்கே தெரியும். ஆகவே, நான் சத்தியம் செய்யும்போது நீர் சன்னிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடம் ஏற்பாடு செய்துகொள்கிறார். சன்னிதி இருக்கும், சடங்கு இருக்கும், வாசகம் இருக்கும். சாட்சி மட்டும் இருக்காது. இறைவன் சரி என்றுவிட்டு, சத்தியத்தை மகிழடியில் கேள் என்று சங்கிலியாரிடம் சொல்லிவிடுகிறார். சுந்தரர் மகிழடியில் சத்தியம் செய்கிறார். பிறகு ஒருநாள் ஊர் எல்லையைத் தாண்டுகிறார், கண் போகிறது. சேக்கிழார் பக்திக்காகச் சொன்ன கதையை நான் கணக்குக்கு இழுப்பதாக யாராவது கோபிக்கக் கூடும். ஆனால் அந்தக் கதையின் சிக்கல் பக்தி அல்ல. வடிவம் முழுமையாக இருந்து சாட்சி இடம் மாறியிருந்தால் அந்தச் சத்தியம் செல்லுமா என்பதுதான். இன்றைய ஏற்பாட்டில் சத்தியம் நகரத்து ஆபீஸ் என்ற சன்னிதியில் நடக்கிறது. சாட்சி மணலியில் மகிழடியில் நிற்கிறான், அவனுக்குப் படி சில ஆயிரம் ரூபாய்.

(ஒற்றி என்றால் அடமானம். அடமானத்தின் பெயரால் ஊர் இருக்க, அங்கே கடன் பிரிவில் வேலை பார்ப்பது எனக்கு வாய்த்த சிறு சந்தோஷம். அந்த ஊர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு பெயர். கோயில்கள் மீது வரி விதித்த அரசனின் ஓலையில் வரிக்கு நடுவே ஒற்றியூர் நீங்கலாக என்று எழுதிச் சேர்த்தாராம். எங்கள் வங்கியில் இதற்கு உடனே சஸ்பென்ஷன்.)

இதெல்லாம் தத்துவ விளையாட்டு, காகிதத்துக்கும் தரைக்கும் நடுவே எதுவும் பெரிதாகக் கெட்டுப்போய்விடவில்லை என்று தோன்றலாம். 2021 ஆகஸ்டில், அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல்மின் நிலையத்தில், பதிவேட்டில் உள்ள நிலக்கரியில் 2.38 லட்சம் டன் தரையில் இல்லை என்று மின்துறை அமைச்சர் அறிவித்தார். மதிப்பு சுமார் 85 கோடி ரூபாய். லாரிக்கு இருபது டன் என்று வைத்தால் கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் லாரி. முந்தைய ஆட்சியின் அமைச்சர், வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததே தாங்கள்தான் என்று பதில் சொன்னார். அரசியலை விட்டுவிடுவோம். நிலக்கரிக் குவியலை எப்படி எண்ணுவது? மூட்டை கிடையாது. குவியலின் கன அளவை சர்வே செய்து, ஒரு கன மீட்டர் இத்தனை என்று அடர்த்தியால் பெருக்க வேண்டும். மழையில் நனைந்தால் எடை கூடும், வெயிலில் குறையும், காற்றில் தூளாகப் போகும், தானாகவே புகைந்து எரியும். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வித்தியாசம் வருவது இயற்கை என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் கொஞ்சம் என்ற சொல்லுக்குள் எவ்வளவு நிலக்கரி கொள்ளும் என்பதுதான் கேள்வி. கம்பெனிகளின் தணிக்கைக்கான 2020 உத்தரவுப்படி, சரக்கை எண்ணும்போது ஒரு வகையில் பத்து சதவிகிதமோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் ஆடிட்டர் அறிக்கையில் சொல்ல வேண்டும். ஒன்பது சதவிகிதம் நம் காதுக்கு வர வேண்டிய அவசியமில்லை.

நிலக்கரி காணாமல் போனது. எரிந்த நிலக்கரியின் சாம்பல் காணாமல் போகவில்லை. உடைந்த குழாய்கள் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கி, மீனவர்கள் இறால் தடவிய இடத்தில் படிந்து கிடக்கிறது. முழங்கால் வரை இறங்கிப் பார்க்கலாம். அதைவிட ஸ்தூலமான காட்சி அளவை இல்லை. ஆனால் ஆற்றுக்கு ஸ்டோர் கீப்பர் கிடையாது, ஆரம்ப இருப்பு கிடையாது, மார்ச் 31 கிடையாது.

நேர்மாறான உதாரணம் ஒன்றும் இதே வட்டாரத்தில் உண்டு. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அமோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் அதே பொருளால் வெடித்துச் சிதறிய பிறகுதான் இங்கே எல்லாருக்கும் பதற்றம் வந்தது. 37 கண்டெய்னர்களில் 697 டன் என்று கணக்குக் கொடுத்து, ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். இங்கே யாரும் திருடவில்லை. கணக்கும் தரையும் ஒத்துப்போயின. ஐந்து வருஷமாக அந்த இனத்துக்கு நேரே டிக் போட்டிருக்கலாம். ஒத்துப்போகிறதா என்று மட்டும் கேட்கப் பழகிய கண், இது என்ன, ஏன் இங்கே என்று கேட்காது. எனக்கு நிலக்கரியைவிட இதுதான் அதிக பயம் தருகிறது.

பையனிடம் திரும்புகிறேன். அவன் எண்ணப் போன ஒரு கொட்டகையில் ஸ்டோர் கீப்பர் அவனுக்கு மாமா முறை. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். போனதும் சீனியருக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். ஸ்டோர் கீப்பர்தானே, டைரக்டர் இல்லையே, பரவாயில்லை, எண்ணு என்று பதில். விதி அவர் பக்கம்தான். அது பங்கு, கடன், பதவி பற்றியே பெரிதும் கவலைப்படுகிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இதில் கடுமையானது. கணக்குக் காட்டாதவன் வாரியத்துக்கு நிற்க முடியாது என்பதோடு விடாமல், அவன் உறவுமுறைகளையும் வரிசையாகச் சொல்லித் தள்ளிவைக்கிறது. உறவு என்பது என்ன செய்யும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

மாமா டீ வரவழைத்தார். வாங்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். திருவொற்றியூரில் மாமா வாங்கித் தந்த டீயை வேண்டாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று பயிற்சி கொடுத்தவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. இவன் டீயைக் குடித்தான். குடித்துவிட்டு எண்ணினான். மூன்றாவது வரிசையில் ஒரு மூட்டையை இறக்கிக் காட்டச் சொன்னபோது மாமாவின் முகம் மாறியிருக்கிறது. "இன்னாடா, என்னியே நம்பலியா? உங்கம்மா கல்யாணத்துல மொய் நோட்டு எழுதுனவன்டா நானு." மூட்டை இறங்கியது. எண்ணிக்கை சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் இன்னும் சங்கடம் என்றான். குறைந்திருந்தால் கேட்டதற்கு ஒரு நியாயமாவது கிடைத்திருக்கும்.

சந்தேகத்தைத் தொழிலாகப் பழகுவது ஒருவனை என்ன ஆக்கும் என்ற கேள்வி இங்கேதான் உயிரோடு வருகிறது. சந்தேகம் அறிவின் ஆரம்பம் என்று நம் வட்டாரத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். டெகார்த்தைச் சாட்சிக்கு அழைக்கிறோம். டெகார்த் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சந்தேகப்பட்டவர். மாமாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சந்தேகப்பட வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இருக்கவில்லை.

என் அபிப்பிராயம் வங்கிக் கவுண்டரிலிருந்து வருவது. எங்கள் காஷியர் தன் அப்பா பணம் கட்ட வந்தாலும் எதிரிலேயே எண்ணுவார். அப்பா கோபிப்பதில்லை. ஏனென்றால் எல்லாருடைய பணமும் எண்ணப்படுகிறது. எண்ணுவது அங்கே ஒருவரைப் பற்றிய தீர்ப்பாக இல்லாமல் வழக்கமாகிவிட்டது. அதோடு, நாளைக்கு ஐநூறு குறைந்தால் அப்பாவைக் காப்பாற்றுவதும் அந்த எண்ணிக்கைதான். இறக்கிய மூட்டை மாமாவுக்கு எதிரானதல்ல, மாமாவுக்காகப் பேசக்கூடியது. இதைப் பையனிடம் சொன்னேன். "புரியுது சார். மாமாவுக்கு யார் சொல்றது?" என்றான். அடுத்த வருஷம் வேறு பையனை அனுப்பச் சொல்லிவிட்டாராம்.

ஆள் சார்ந்த சந்தேகத்தை முறை சார்ந்ததாக மாற்றுவது ஒரு நாகரிகம் என்று நான் நினைக்கிறேன். முறையையே சந்தேகப்பட மறப்பது அதன் நோய். 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிக் கொடுத்த கடிதத்தில், புத்தகத்தில் உள்ள ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாதது என்று ஒப்புக்கொண்டார். மூட்டையல்ல, கரியல்ல, வங்கியில் கிடப்பதாகச் சொன்ன பணம். தணிக்கையில் அதைவிட எளிதாகச் சரிபார்க்கக் கூடியது கிடையாது. வங்கிக்கு நேரே கடிதம் எழுதினால் என்னைப் போன்ற ஒரு குமாஸ்தா கணினியைப் பார்த்து, இருப்பு இவ்வளவு என்று முத்திரை வைத்து அனுப்புவான். எங்களுக்கு அந்தக் கம்பெனி யாரென்றே தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆர்வமும் கிடையாது. அந்த ஆர்வமின்மைதான் எங்கள் உரையின் பிரமாண பலம். ஆனால் கடிதம் நேரே வர வேண்டும். கம்பெனிக்காரர் கையில் வாங்கிக்கொண்டு போனால் அது அவருடைய உரை ஆகிவிடுகிறது. 2018இல் செபி அந்த ஆடிட் நிறுவனக் குழுமத்துக்கு இரண்டு வருஷத் தடை விதித்தபோது வைத்த முக்கியக் குற்றச்சாட்டுகளில் இதுவும் ஒன்று. மேல்முறையீட்டில் 2019இல் அந்தத் தடை ரத்தானது: அஜாக்கிரதை வேறு, மோசடி வேறு, கூட்டுச் சதிக்கு ஆதாரமில்லை என்று தீர்ப்பாயம் சொன்னது. சட்டத்துக்கு அந்த வித்தியாசம் அவசியம்தான். பார்க்காமல் பார்த்தேன் என்றவனையும், பார்த்துவிட்டு மறைத்தவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் பங்கில் பணம் போட்டு இழந்தவன் அந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்?

விமர்சனம் எழுதுகிற நாம் இதில் ரொம்பவும் சௌகரியமாக உட்கார்ந்திருக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுநூறு பக்க நாவலுக்கு மூன்று பக்கத்தில் தீர்ப்பு எழுதுகிறோம். எத்தனை பக்கம் காட்சி, எத்தனை கருதல், எத்தனை நண்பர்கள் டீக்கடையில் சொன்ன உரை? நமக்கு ஒர்க்கிங் பேப்பர்கூடக் கிடையாது. ஆர்ட்டிகிள் பையன் பத்து மூட்டையாவது இறக்கிப் பார்க்கிறான்.

இந்த வருஷம் மார்ச் 31 அன்று அவன் வேறு ஒரு கொட்டகைக்குப் போனான், எண்ணூர்ப் பக்கம். நான்கு அறைகளில் ஒன்று பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கும் ஆள் ஊருக்குப் போயிருந்தார். சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டு, குறிப்பில் எழுதினான்: மூன்றாம் அறை பூட்டியிருந்தது, சாவி வரவில்லை, பார்க்கவில்லை. மறுவாரம் திறந்து பார்த்தால் சீனியர் அதை மாற்றியிருந்தார்: மூன்றாம் அறையைப் பொறுத்தவரை மாற்று நடைமுறைகள் மூலம் போதிய சான்று பெறப்பட்டது. அதைப் பொய் என்று சொல்ல முடியாது. நேரில் பார்க்க முடியாதபோது வேறு வழியில் சரிபார்க்கத் தணிக்கைத் தர விதிகளே இடம் தருகின்றன. ஏப்ரலில் அந்த அறையிலிருந்து வெளியே போன சரக்கின் சலான்களைக் கேட்டு வாங்கியும் இருக்கிறார்கள்.

"ரெண்டும் ஒண்ணுதானா சார்?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் வாக்கியத்தில் ஒரு கதவு இருக்கிறது. அவர் வாக்கியத்தில் இல்லை. உன் வாக்கியத்தையும் கீழே விட்டுவைக்கும்படி கேட்டுப் பார் என்றேன். கேட்டானாம். அந்த சாப்ட்வேரில் அதற்குக் கட்டம் கிடையாது என்றார்களாம். தன் டைரியில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறான். எனக்குக் காட்டினான், மூன்றே சொற்றொடர், நல்ல கையெழுத்து.

சாவி ஏப்ரல் 4ஆம் தேதி வந்துவிட்டது. அவனை அனுப்பவில்லை.